கோணமலை விளிம்பில் ஒரு டெமோ: பாறைக்கு அப்பால் எஞ்சின் எங்கே தடுமாறுகிறது

திருகோணமலையில் ஒரு சிறு குழு செய்த, விளையாடக்கூடிய கிராஃபிக்ஸ் டெமோ ஒன்றை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. காட்சியைக் கணித்து வரையும் மென்பொருளான எஞ்சின், 2024 ஏப்ரலில் வெளியான அன்ரியல் 5.4. காட்சி பிரெட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி, மான்கள் மேயும் வெளியைக் கடந்து, கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையால் போய், கடலுக்கு மேலே நிற்கும் மலைவிளிம்பில் முடிகிறது. கதை இல்லை, எதிரி இல்லை, புள்ளிக்கணக்கு இல்லை. நடக்கலாம், நிற்கலாம், டோர்ச் லைட்டை அடித்துப் பார்க்கலாம், மரத்தில் கட்டிய துணியைத் தொடலாம்.

இலக்கு வன்பொருள் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 12 ஜிபி நினைவகம். திரை 1080பி. செக்கனுக்கு 60 ஃபிரேம் (தனிப்படம்). அதாவது ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிசெக்கன், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இந்த நேரத்தைப் பங்கு போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்: நானைட்டும் (வடிவங்களை வரையும் பகுதி) அடிப்படை வண்ணமும் 3, நிழல் 2.5, லூமென் (தெறிக்கும் ஒளியைக் கணக்கிடும் பகுதி) 4, கடல் 1, மூடுபனியும் துகள்களும் 1, டிஎஸ்ஆரும் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் பகுதி) இறுதிப் பூச்சும் 2. கூட்டினால் 13.5. மிச்சமாக விட்டது 3 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். இந்த மிச்சத்தைக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் காத்ததுதான் டெமோ ஓடியதற்கு முதற்காரணம். காணொளி எடுத்துக் காட்டுவதென்றால் ஒரு ஃபிரேமுக்கு ஒரு நிமிடம் எடுத்தாலும் பரவாயில்லை. ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் எங்கே திரும்புவார், எதன் முன் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. மோசமான கோணத்திலும் கணக்கு நிற்க வேண்டும்.

எஞ்சினுக்குப் பிடித்த பொருள்

புது எஞ்சினைக் காட்ட வரும் டெமோக்களின் வரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்கும். 2020 மே மாதம் எபிக் நிறுவனம் பிளேஸ்டேஷன் 5இல் காட்டிய முதல் அன்ரியல் 5 காட்சி முழுக்கப் பாறைக் குகை. அதில் ஒரு சிலைக்கு 3.3 கோடி முக்கோணங்கள். ஒரே மண்டபத்தில் அப்படி ஏறக்குறைய 500 சிலைகள். 2021 மே மாதம் வந்தது வறண்ட செம்பாறைப் பள்ளத்தாக்கு. அதே ஆண்டு டிசம்பரில் மக்கள் கைக்கு வந்த மேட்ரிக்ஸ் அவேக்கன்ஸ் டெமோ 7,000 கட்டடங்கள் கொண்ட ஒரு நகரம்: கொங்கிரீட், கண்ணாடி, தார். அடர்ந்த காட்டைத் துணிந்து முன்னால் வைத்த பெரிய காட்சி 2025 ஜூனில்தான் வந்தது. பிளேஸ்டேஷன் 5இல் 60 ஃபிரேமில் ஓடிய விட்சர் 4 தொழில்நுட்ப டெமோ அது. பாறைக்கும் காட்டுக்கும் இடையில் ஐந்து ஆண்டு.

காரணம் நானைட்டின் உள்ளமைப்பில் இருக்கிறது. அது ஒரு மெஷ்ஷை (பொருளின் வடிவமான முக்கோண வலையை) 128 முக்கோணங்கள் கொண்ட கொத்துகளாக உடைத்து, திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதற்கேற்ற கொத்தை மட்டும் எடுத்து வரைகிறது. பாறை திடமானது, அசையாதது, ஒன்றையொன்று மறைப்பது. மறைந்ததை வரைய வேண்டியதில்லை. தூரத்தில் இருப்பதை இளைக்க வைக்கலாம். இலை அப்படியல்ல. இடையிடையே ஓட்டை, ஒவ்வொன்றும் தனி, காற்றில் ஆடுவது. பின்னால் உள்ளதை முழுதாக மறைப்பதும் இல்லை.

கோணமலையில் பாறை ஏராளம். அதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் டெமோ அழகாக ஓடியிருக்கும், ஆனால் அந்த இடம் திருகோணமலை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஏற்றத்தை ஊர்க்காரருக்கு அடையாளம் காட்டுபவை ஆலமர நிழல், கோட்டைக்குள் திரியும் புள்ளிமான், மரத்தில் தொங்கும் நேர்த்தித் தொட்டில்களும் துணிகளும், கீழே கடல். நான்குமே எஞ்சினுக்குப் பிடிக்காதவை. இந்த ஆய்வின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

நேரம்: சூரியன் எழுந்து முக்கால் மணி

ஒளியின் நேரத்தை முதலில் தீர்மானிக்காமல் வேறு எதையும் செய்யக் கூடாது. பொருட்களின் நிறம், நிழலின் நீளம், திரை வெளிச்சம் எல்லாம் அதைத் தொற்றிக்கொண்டு வருபவை.

திருகோணமலை வடக்கு 8.57 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் நிழல் காலடிக்குள் போய்விடும். பாறையின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். மறைமுக ஒளியைக் கணக்கிடும் லூமெனுக்கு அங்கே காட்ட ஒன்றுமே இல்லை. மாலைப் பொன்வெயில் என்ற பழக்கமான தெரிவும் இங்கே பொருந்தாது. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, ஊர்ப்பக்கம் போய் மறைகிறது. மாலையில் மலைவிளிம்பில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால்.

ஆகவே காலை. சூரியனின் உயரம் 12 பாகை. சம இரவு நாளை ஒட்டி, எழுந்து ஏறக்குறைய 50 நிமிடத்தில் அந்த உயரம் வரும். நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப் போல் 4.7 மடங்கு, இரண்டு மீட்டர் கம்பத்துக்கு 9.4 மீட்டர் நிழல். பாறைக்கு உயிர் வருகிறது. கூடவே ஒரு வில்லங்கமும் வருகிறது: நீண்ட நிழல் என்றால் நிழல் வரைபடத்தில் அதிகப் பக்கங்கள். 2.5 மில்லிசெக்கன் ஒதுக்கியது இதை மனதில் வைத்துத்தான்.

சூரியனின் செறிவு வளிமண்டலத்துக்கு மேலே 1,20,000 லக்ஸ் என்று வைத்து, காற்றால் குறைவதை எஞ்சினின் வளிமண்டலக் கூறே கணக்கிட விட்டார்கள். திரை வெளிச்சத்தின் தானியங்கி எல்லைகளைக் குறைந்தது ஈவி (வெளிச்ச அளவு) 10, கூடியது ஈவி 14 என்று இறுக்கினார்கள். எல்லையைத் திறந்து விட்டால் வாசல் நிழலிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பும்போது திரை வெள்ளையாகப் பொரிந்து, மூன்று செக்கன் கழித்துத்தான் கண் தெளியும்.

பாறையைப் படம்பிடித்தல்

கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. படைமுகாம் உள்ள இடத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எல்லாம் தரையில் நின்று, அனுமதி பெற்று, கையால் எடுத்த படங்கள். கோயிலின் உட்புறத்தை எடுக்கவில்லை, மாதிரியாகச் செய்யவும் இல்லை. டெமோ கோயில் வாசலுக்கு முன்பே திரும்பி விளிம்புக்குப் போகிறது. வழிபாட்டு இடத்தை ஒரு கிராஃபிக்ஸ் கார்டின் திறமையைக் காட்டும் பொருளாக்கக் கூடாது என்ற முடிவு அது. சரியான முடிவு.

24 மெகாபிக்சல் முழுச்சட்ட கமரா, 35 மிமீ லென்ஸ். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சட்டத்தின் அகலம் 3.09 மீட்டர், 6,000 பிக்சலால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, வெளிச்சமும் வெண்சமநிலையும் கையால் பூட்டியவை. அடுத்தடுத்த படங்கள் 75 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அதற்கு 75 சென்டிமீட்டருக்கு ஒரு படம். ஒவ்வொரு பாறையையும் இடுப்பு, நெஞ்சு, தலைக்கு மேல் என மூன்று உயரத்தில் சுற்றிவர வேண்டும். நிற அட்டை முதல் படத்திலும் கடைசிப் படத்திலும்.

மேகம் மூடிய, ஆனால் மழை இல்லாத காலை வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் மேகம் கிடைக்கும், பாறை காயாது. ஈரப் பாறை பளபளக்கும். கமரா நகர்ந்தால் பளபளப்பும் நகரும். மென்பொருள் அதைப் பாறையின் புள்ளி என்று நம்பி மேற்பரப்பைக் கரடாக்கிவிடும். ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குக் கொண்டுபோன லென்ஸில் ஆவி படிவது இன்னொரு தொல்லை. கமராவைப் பையோடு அரைமணி நேரம் வெளியே வைத்தபின்தான் திறக்க வேண்டும்.

எத்தனை பாறை வேண்டும் என்பதில்தான் நினைவகக் கணக்கு வருகிறது. ஒரு பாறைக்கு 4096 பிக்சல் அகல டெக்ஸ்ச்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) மூன்று. நிறம் சுருக்கியபின் சிறு பிரதிகளோடு 10.7 எம்பி, நார்மல் (மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற பதிவு) 21.3 எம்பி, கரடுத்தன்மை முதலியவை 10.7 எம்பி, மொத்தம் 42.7. நாற்பது பாறை என்றால் 1.7 ஜிபி. ஒன்பதே பாறைகளை எடுத்து, திருப்பியும் புதைத்தும் அடுக்கியதில் 385 எம்பிக்குள் முடிந்தது. முக்கோணங்கள் மலிவு: நானைட் சராசரியாக ஒரு முக்கோணத்துக்கு 14.4 பைட் எடுக்கிறது. பத்து லட்சம் முக்கோணப் பாறைக்கு வட்டில் 13.8 எம்பி. ஒரு நார்மல் டெக்ஸ்ச்சரை விடக் குறைவு. பலர் இதை நம்பாமல் பழைய வழக்கப்படி முக்கோணத்தை அறுத்து டெக்ஸ்ச்சரைக் கூட்டுகிறார்கள்.

இரண்டு தவறுகள் இங்கே நடந்தன. முதலாவது, மலைச்சரிவை ஒரே பெரிய மெஷ்ஷாக வைத்தது. லூமென் ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் சுற்றிலும் சில அட்டைகளை ஒட்டி அதன் மேற்பரப்பு ஒளியைச் சேமிக்கிறது. வழக்கமான எல்லை 12 அட்டை. மடிப்பும் பொந்துமான மலைக்கு 12 எங்கே போதும்? மேற்பரப்புச் சேமிப்பைக் காட்டும் பார்வையில் பொந்துகள் எல்லாம் இளஞ்சிவப்பாக வந்தன. அந்த நிறம் அங்கே அட்டை எட்டவில்லை என்பதற்கு அடையாளம். மெஷ்ஷை நாலு மீட்டர் துண்டுகளாக்கியதும் சரியானது. இரண்டாவது தவறு இதன் மறுபக்கம்: துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று நெருக்கி அடுக்கியது. மேற்பரப்புகள் விரலிடை தூரத்தில் படிந்து கிடந்தால் எது மறைந்தது என்று நானைட்டால் வெட்ட முடிவதில்லை. ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரைகிறது. பாறைகள் ஒன்றில் ஒன்று புதையும் பாகத்தைக் குறைத்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தை வெட்டி எறிந்தார்கள்.

வாசற்கல்லும் டோர்ச் லைட்டும்

கோட்டை வாசலின் கல்லில் இரட்டைக் கயல் சின்னமும் தேய்ந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. கோயிலைக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதையும் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பிரித்ததையும் பேசும் வரிகள் என்று ஊரில் பலருக்குப் பாடம். பறங்கியர் அந்தக் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியது 1620களில்.

வாசல் நகரைப் பார்த்திருக்கிறது. காலையில் சூரியன் அதன் பின்பக்கம். ஆகவே எழுத்து இருக்கும் முகத்தில் நேர்வெயில் ஒரு பொட்டும் இல்லை. நிலத்திலும் மரத்திலும் பட்டுத் தெறிக்கும் ஒளி மட்டும். லூமென் அந்தத் தெறிப்பை நன்றாகக் கொண்டுவருகிறது: தரையின் செம்மண் சாயல் கல்லின் அடிப்பாகத்தில் ஏறுகிறது. ஆனால் சில மில்லிமீட்டர் ஆழமான எழுத்தை அது பார்ப்பதில்லை. அதன் கணக்கு சென்டிமீட்டர்களில் நடப்பது. கல் வெறுமையாகத் தெரிந்தது.

திருட்டுத்தனமாக ஒரு விளக்கைப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கலாம். குழு அதைச் செய்யாமல் ஆடுபவர் கையில் டோர்ச்சைக் கொடுத்தது. கல்வெட்டு வாசிப்பவர்கள் செய்வதும் அதுதானே: விளக்கை நேரே பிடித்தால் எழுத்து மறையும்; கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் நிழல் எறிந்து எழும். டெமோவில் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து டோர்ச்சைச் சாய்த்ததும் கயலின் முதுகு முதலில் தெரியும், பிறகு வால், பிறகு எழுத்தின் வளைவுகள். முழு டெமோவிலும் எஞ்சினின் அருமை தெளிவாகத் தெரியும் இடம் இதுவே. காரணம், அங்கே ஆடுபவரின் கை இருக்கிறது.

இதற்கு எழுத்தை நார்மல் டெக்ஸ்ச்சரில் பொறித்தால் போதாது. நார்மல் வெளிச்சத்தைத் திருப்பும், நிழல் எறியாது. எழுத்து உண்மையான முக்கோணங்களாக, அரை மில்லிமீட்டர் அடர்த்தியில் இருக்க வேண்டும். அந்த ஒரு கல்லுக்கு மட்டும் நானைட்டின் இளைப்பு அளவைப் பூச்சியமாக வைத்தார்கள். வெர்ச்சுவல் ஷேடோ மேப் (எஞ்சினின் நிழல் வரைபடம்) 16,384 பிக்சல் அகலம் என்றாலும் நிழலின் விலக்கு அளவை, அதாவது நிழல் பொருளிலிருந்து தள்ளித் தொடங்கும் தூரத்தை, இயல்பில் விட்டால் அது மில்லிமீட்டர் நிழலை விழுங்கிவிடும். டோர்ச் விளக்கின் விலக்கைக் குறைத்து, தொடுநிழலைச் சிறு நீளத்துக்குத் திறந்து, ஒளிமூலத்தின் ஆரத்தை 1 சென்டிமீட்டராக்கியபின் எழுத்து எழுந்தது. ஆரம் 4 சென்டிமீட்டராக இருந்தபோது நிழலின் ஓரம் கரைந்து எழுத்து மங்கிக் கிடந்தது.

இலை, துணி, மான்

ஆலமரத்தின் விழுது நானைட்டுக்குப் பாறை மாதிரி. அதில் சிக்கல் இல்லை. இலைதான்.

பழைய முறையில் ஒரு சதுரத் தாளில் இலைக்கொத்தை ஒட்டி ஓட்டைகளை மறைப்பார்கள். 5.1 முதல் நானைட் அதை ஏற்கிறது, ஆனால் ஒவ்வொரு பிக்சலிலும் ஓட்டையா இலையா என்று கேட்டுக் கேட்டு வரைய வேண்டியிருக்கிறது. இலையை இலையாகவே வெட்டிய மெஷ், ஆறு முதல் பத்து முக்கோணம், ஒளிபுகாப் பொருள்: முக்கோணம் கூடினாலும் இதுவே மலிவு. பரப்பைக் காக்கும் தெரிவை மெஷ்ஷில் திறக்க மறந்தால் தூரத்து மரம் மொட்டையாகத் தெரியும். இளைக்கும்போது சிறு இலைகள் முதலில் காணாமல் போகும்.

காற்று அதைவிடப் பெரிய செலவு. நிழல் வரைபடம் 128 பிக்சல் பக்கங்களாகச் சேமிக்கப்படுகிறது. அசையாத பொருளின் பக்கத்தை அடுத்த ஃபிரேமிலும் அப்படியே எடுக்கலாம். இலை ஆடினால் அதன் நிழல் விழும் பக்கங்கள் எல்லாம் செல்லாதவை, மறுபடி வரை. 12 பாகைச் சூரியனில் ஒரு ஆலமரத்தின் நிழல் வெளி முழுக்கப் படுத்திருக்கும். அந்த ஒரு மரமே நிழல் பங்கைத் தின்று தீர்த்தது.

தீர்வு இரண்டு படியில். 20 மீட்டருக்கு அப்பால் உள்ள மரங்களில் அசைவை நிறுத்துவது. அருகில் உள்ளவற்றில் இலை ஆடட்டும், ஆனால் நிழல் சேமிப்பைக் கலைக்காதபடி அந்த மெஷ்களின் செல்லாநிலை நடத்தையை ‘ரிஜிட்’ என்று வைப்பது. இலை ஆடும், நிழல் ஆடாது. தரையைக் கூர்ந்து பார்ப்பவருக்கு அது தெரியும். இது நேர்மையாகச் சொல்ல வேண்டிய குறை. ஒரேயொரு மரத்துக்கு விலக்கு: விளிம்பில் தொட்டில் கட்டிய மரம். அதன் நிழல் உண்மையாகவே அசைகிறது, ஏனெனில் ஆடுபவர் அதிக நேரம் நிற்கும் இடம் அது.

தொட்டில் மரத்தில் 200 துணிக்கீற்றுகள். ஒவ்வொன்றையும் துணி இயற்பியலில் ஓட்டுவது நடக்காத காரியம். முடிச்சில் பூச்சியம், நுனியில் ஒன்று என்று உச்சிகளுக்கு (முக்கோண மூலைகளுக்கு) நிறம் தீட்டி, அந்த எண்ணால் அசைவைப் பெருக்கிப் பொருளிலேயே ஆட்டினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நாலு கீற்றுகள் மட்டும் தொட்டால் விலகும். இங்கே மூன்று இடத்தில் கால் இடறும்:

முதலாவது, பொருளில் அசைவின் உச்ச அளவைக் குறிப்பிடாவிட்டால் எஞ்சின் துணியின் எல்லைப் பெட்டியைத் தவறாகக் கணக்கிடும்; திரையோரத்தில் துணியின் பாதி திடீரென மறையும். 25 சென்டிமீட்டர் கொடுத்ததும் நின்றது.

இரண்டாவது, உச்சி அசைவின் வேகத்தை எழுதும் தெரிவைத் திட்ட அமைப்புகளில் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் டிஎஸ்ஆருக்குத் துணி அசைந்தது தெரியாது. சிவப்புக் கீற்றுக்குப் பின்னால் சிவப்புப் புகை இழுபடும். உள்ளே படம் 67 விழுக்காட்டில், ஏறக்குறைய 1286க்கு 724 பிக்சலில் வரையப்பட்டுத்தான் 1080பிக்கு உயர்கிறது. வேகத் தகவல் பிழைத்தால் அந்த உயர்வு முழுதும் கறை.

மூன்றாவது, மென்பொருள் வழி லூமென் தூரப்புலங்களை (எந்தப் புள்ளியிலிருந்து மேற்பரப்பு எவ்வளவு தூரம் என்ற பதிவை) வைத்து ஒளியைத் துரத்துகிறது. 10 சென்டிமீட்டருக்கு மெல்லியவை அதில் சரியாகப் பதிவதில்லை, ஆடும் உச்சிகள் பதிவதே இல்லை. விளைவு: துணி ஓரிடத்தில், அதன் ஆவி போல ஒரு கறுப்புத் திட்டு இன்னோரிடத்தில். துணிகளைத் தூரப்புல ஒளியிலிருந்து விலக்கி, நேர்நிழலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மான் ஏழு. எலும்புக்கூட்டு மெஷ் (உள்ளே வைத்த எலும்புகளால் அசையும் மெஷ்) 5.4இல் நானைட்டுக்குள் வராது. பழையபடி 18,000, 7,000, 2,000 முக்கோணம் என மூன்று நிலை செய்தார்கள். புள்ளிகளைத் தனி டெக்ஸ்ச்சராக வைத்து ஒவ்வொரு மானுக்கும் இடமாற்றியதில் ஏழும் வேறு வேறு என்று தெரிந்தது. இதுவரை சரி. முந்தின இரவு மழை பெய்ததாகக் காட்ட வெளியில் மூன்று குட்டை வைத்திருந்தார்கள். பரீட்சிக்க வந்த பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் இரண்டு நிமிடத்தில் கேட்டான்: “அண்ணை, மான் நிக்குது, தண்ணிக்குள்ள காணேல்லையே?”

அவன் கண்டது எஞ்சினின் வரம்பு. மென்பொருள் வழி லூமெனின் காட்சிக்குள் அசையாத மெஷ்களும் நிலமும்தான் உண்டு. எலும்புக்கூட்டு மெஷ் அதற்குத் தெரியாது. திரையில் மான் முழுதாக இருக்கும்வரை திரைவழித் துரத்தலில் பிம்பம் கிடைக்கும். கமராவைக் கீழே சாய்த்து மானின் தலை திரைக்கு மேலே போனதும் குட்டையில் தலை இல்லாத மான் நிற்கும். இரண்டு குட்டைகளை மான் வராத ஓரத்துக்கு நகர்த்தினார்கள்.

கடல்

விளிம்பில் கண் மட்டம் கடலுக்கு நூறு மீட்டர் மேலே என்று எடுத்தால் அடிவானம் 36 கிலோமீட்டரில். அவ்வளவு தூரம் அலை மெஷ் போட வேண்டாம். முதல் ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் அலை வடிவம். அப்பால் தட்டையான தளமும் நார்மலும் மூடுபனியும். மேற்பரப்புக்கு ஒற்றைப் படல நீர்ப்பொருள், ஏனெனில் சாதாரண ஒளிபுகும் பொருளை விட அது நிழலையும் பிரதிபலிப்பையும் மலிவாக ஏற்கும்.

தாழ்ந்த சூரியன் நேரே முன்னால் நிற்பதால் கடல் முழுக்க மினுமினுப்பு. ஒரு பிக்சலுக்குள் நூறு சிற்றலை இருக்கும்போது ஃபிரேமுக்கு ஃபிரேம் எது மின்னும் என்பது குலுக்கல். டிஎஸ்ஆர் அதைப் பிடித்து நிறுத்த முயன்று பூச்சி ஊர்வது போலக் காட்டியது. தூரம் கூடக்கூட நார்மலின் பலத்தைக் குறைத்து, குறைத்த அளவைக் கரடுத்தன்மையில் சேர்த்தார்கள். தனித்தனி மின்னல்கள் ஒரே வெள்ளிப் பாதையாகின. கண் காண்பதும் அதுதான். கரடுத்தன்மையைச் சேர்க்காமல் நார்மலை மட்டும் குறைத்த முதல் முயற்சியில் கடல் நிலைக்கண்ணாடியாகி, அடிவானத்தில் இரண்டு சூரியன் எழுந்தது.

வேறு கணினியில் முதல் ஓட்டம்

செய்தவர்களின் கணினியில் மென்மையாக ஓடிய டெமோ, மக்களுக்குக் காட்ட மண்டபத்தில் வைத்த கணினியில் டோர்ச்சை முதன்முறை அடித்ததும் அரைச்செக்கன் உறைந்தது. பிறகு முதல் அலைநுரையில் இன்னொருமுறை. டைரக்ட்எக்ஸ் 12இல் ஒரு பொருளும் விளக்கும் சேர்ந்து முதன்முறை வரையப்படும்போது அந்த கார்டுக்குரிய குழாய்நிலைப் பொருளை (வரைவதற்கான தயார் நிரலை) தொகுக்க வேண்டும். பிளேஸ்டேஷனில் வன்பொருள் ஒன்றே என்பதால் முன்கூட்டியே தொகுத்து அனுப்பிவிடலாம், கணினியில் முடியாது. செய்பவரின் கணினியில் டிரைவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் சேமித்து வைத்திருப்பதால் அவருக்குக் குறை தெரியாது.

ஒவ்வொரு பரீட்சைக்கும் முன் டிரைவரின் ஷேடர் சேமிப்பை அழித்து, ஷிப்பிங் கட்டமைப்பை (வெளியிடும் பதிப்பை) ஓட்ட வேண்டும். எஞ்சினின் முன்தொகுப்பு பெரும்பாலானவற்றைப் பிடிக்கிறது. தப்பியவற்றைப் பதிவோட்டத்தில் சேகரித்துப் பொதியோடு கட்டினார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சிய துகள் விளைவுகளை, ஏற்றுதிரை மறைத்திருக்கும்போதே ஒவ்வொன்றையும் ஒரு ஃபிரேமுக்கு உயிர்ப்பித்துக் கொன்றார்கள். தொகுப்பு எண்ணிக்கை பூச்சியம் ஆகும்வரை ஏற்றுதிரை போகாது.

கொம்பு இடம் மாறிய தமிழ்

தொடக்கத் திரையில் ‘கோணேசர் மலை’ என்று எழுதியபோது முதலில் வந்தது வெறும் கட்டங்கள். எஞ்சினின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்ததும் எழுத்து வந்தது, ஆனால் ‘கோ’விலும் ‘ணே’யிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்து வடிவமைப்பு ‘தானியங்கி’யில் இருந்தால் இடமிருந்து வலம் போகும் எழுத்துகளுக்கு எஞ்சின் எளிய வழியைத் தெரிவு செய்யும், அந்த வழியில் கொம்பை முன்னால் நகர்த்தும் வேலை நடக்காது. முழு வடிவமைப்பு என்று கட்டாயப்படுத்த வேண்டும். பொதியும்போது பன்மொழித் தரவையும் ‘எல்லாம்’ என்று தெரிவு செய்ய வேண்டும். இயல்பில் உள்ள மொழித் தொகுதியில் தமிழ் இல்லை. காட்சிக்குள் நிற்கும் பெயர்ப்பலகைக்கு முப்பரிமாண எழுத்துக் கூற்றைப் பயன்படுத்தாமல் விட்ஜெட்டைப் பலகையில் பதித்தார்கள். அங்கேதான் வடிவமைப்பு ஒழுங்காக நடக்கிறது. ஊர்ப்பெயரில் கொம்பு தவறிய ஒரு டெமோவை அந்த ஊரில் காட்டக் கூடாது.

மண்டபத்தில்

பொதி 7 ஜிபிக்குக் கிட்ட. அதற்குள் ஒரு கோப்பே 5 ஜிபி. யுஎஸ்பி குச்சி ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இடம் இருந்தும் நகல் நிற்கும். எக்ஸ்ஃபாட்டாக மாற்ற வேண்டும், அல்லது பொதியும்போதே துண்டின் உச்ச அளவைக் குறிப்பிட வேண்டும்.

மின்சாரம்: 3060 கார்டு 170 வாட், சிபியூ 65 முதல் 90, மீதி உறுப்புகள் 50, மானிட்டர் 30. கூட்டினால் 340 வரை. கடையில் வாங்கும் 650 விஏ யுபிஎஸ் தருவது ஏறக்குறைய 360 வாட்; கார்டு ஒரு கணம் எகிறினால் அதுவே விழுந்துவிடும். மானிட்டரை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்து, கார்டின் மின்வரம்பை 80 விழுக்காடாக, 136 வாட்டாகக் குறைத்து, ஃபிரேமை 60இல் பூட்டினார்கள். ஏசி இல்லாத மண்டபத்தில் வெப்பத்துக்கும் அது உதவியது. 3 மில்லிசெக்கன் மிச்சம் வைத்ததன் பயன் இங்கேதான் வந்தது. வரம்பைக் குறைத்த பின்பும் 60 விழவில்லை.

ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 4 ஜிபி கார்டு உள்ளவர்களுக்குத் தனிச் சுயவிவரம்: லூமென் அணைத்து, வான ஒளியும் தூரப்புல மறைப்பும் மட்டும், பழைய அடுக்குநிழல், 30 ஃபிரேம். வாசல் முகத்தில் செம்மண் சாயல் போய்விடும். டோர்ச்சில் எழுத்து எழுவது மட்டும் அங்கேயும் தப்பியது. அது மெஷ்ஷும் நேர்நிழலும் செய்யும் வேலை.

மான் பிம்பம் இன்னும் தீரவில்லை. பிரதிபலிப்பை மட்டும் வன்பொருள் கதிர்வழிக்கு (கார்டே ஒளிக்கதிரைத் துரத்தும் முறைக்கு) மாற்றினால் மான் குட்டைக்குள் வரும், ஆனால் ஏழு எலும்புக்கூடுகளின் கதிர் அமைப்பையும் ஒவ்வொரு ஃபிரேமும் புதுப்பிக்க வேண்டும். கதிர்களுக்கு மட்டும் 2,000 முக்கோண நிலையைக் கொடுத்தால் மிச்சம் வைத்த 3 மில்லிசெக்கனுக்குள் அடங்குமா என்பது அடுத்த பதிப்பில் அளக்க வேண்டியது. அதுவரை பாதையோரத்தில் இருந்த மூன்றாவது குட்டையை மண் போட்டு மூடி, அதன் மேல் ஒரு மானை மேய விட்டிருக்கிறார்கள்.